சிங்க்குக்கு அடியில் ஒரு மோட்டார்

மின்சாரத்தையும் தண்ணீரையும் தள்ளித் தள்ளி வைக்கவேண்டும் என்று சொல்லித்தான் எல்லா வீட்டிலும் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அமெரிக்கச் சமையலறையில் இந்தப் பாடம் செல்லாது. அங்கே சிங்க்கின் வாய்க்கு நேர் கீழே, கழுவுகிற தண்ணீரெல்லாம் தலைவழியாக இறங்கும்படி, ஒரு மின்மோட்டாரைத் தொங்கவிட்டிருப்பார்கள். கார்பேஜ் டிஸ்போசல் என்று பெயர். தட்டில் மிஞ்சியதைச் சிங்க்கில் தள்ளி, குழாயைத் திறந்து, சுவரிலுள்ள ஸ்விட்சைத் தட்டினால் அரைத்துச் சாக்கடைக்கு அனுப்பிவிடும். அந்நாட்டில் ஏறக்குறைய பாதி வீடுகளில் இது இருக்கிறது. நியூ ஜெர்சியிலோ டல்லாஸிலோ வீடு வாங்குகிற நம்மவர்களுக்கும் வீட்டோடு சேர்ந்து வந்துவிடும். பத்து வருடம் போல உழைக்கும். பிறகு ஒழுகும்.

ஒழுகுவதை யாரும் உடனே கவனிப்பதில்லை. சிங்க்குக்கு அடியிலிருக்கும் அலமாரியில் குப்பைப் பை, சோப்பு, பழைய பிளாஸ்டிக் டப்பா என்று அடைந்து கிடக்கும். அடிப்பலகை உப்பி ஓரம் பிளந்து, புளித்த வாடை ஒன்று கிளம்பிய பிறகுதான் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிவார்கள். பலகை உப்புவதற்குக் காரணம் அது மரப்பலகையே அல்ல என்பதுதான். மரச்சீவலைப் பசை போட்டு அழுத்திச் செய்த அட்டை அது. ஈரம் பட்டால் சீவல்கள் விரியும், பசை விட்டுப்போகும், காய்ந்தாலும் பழையபடி ஆகாது. அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருப்பவர்கள் இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிட்டு லீசிங் ஆபீசுக்குப் போன் போடலாம். அது அவர்கள் தலைவலி. சொந்த வீட்டுக்காரர்தான் யோசிக்கவேண்டும்: பிளம்பரைக் கூப்பிடுவதா, நாமே கையை வைப்பதா?

கையை வைக்கலாமா என்பதற்கு விடை, தண்ணீர் எந்த வழியாக வெளியே வருகிறது என்பதில் இருக்கிறது. வழிகள் பல. ஆனால் பொறியாளர் கண்ணுக்கு அவை பெரும்பாலும் இரண்டே வகைதான். அசையாத இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று சேருமிடம் ஒரு வகை. அசையாத பொருளைத் துளைத்துக்கொண்டு சுழலும் பொருள் நுழையுமிடம் மற்றொரு வகை. முதல் வகை ஒழுகினால் சில டாலரில், ஒரு பிற்பகலில் வீட்டிலேயே சரிசெய்யலாம். இரண்டாவது வகை ஒழுகினால் இயந்திரத்தின் கதை முடிந்தது. புதிது வாங்கி மாட்டவேண்டியதுதான். அதையும் நாமே மாட்டலாம் என்பது வேறு விஷயம்.

ஏன் அப்படி என்று தெரிய, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். உள்ளே பிளேடு சுழல்கிறது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிளேடே கிடையாது. அரவை அறைக்குத் தரையாக ஒரு வட்டத் தட்டு, குறுக்களவு சுமார் 13 செ.மீ. அதன்மேல் இரண்டு உலோகக் கட்டைகள் ரிவிட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும், ஆனால் இறுக்கமாக இல்லை. தள்ளினால் தம் அச்சில் லொடலொடவென்று சுற்றும். தட்டைச் சுற்றிலும், அறையின் சுவரோடு அசையாமல், பற்களும் துளைகளும் வெட்டிய ஒரு வளையம். தட்டு சுழன்றதும் உணவு விளிம்புக்கு வீசப்படும். கட்டைகள் அதை வளையத்தின் பற்களில் மோதித் தேய்க்கும். இடுக்கில் நுழையும் அளவுக்குப் பொடியானது தண்ணீரோடு கீழே இறங்கிவிடும்.

பல வீட்டு மாடல்களில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 முறை அலைவதால், நான்கு துருவ மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,800 முறை சுற்றுகிறது. சுழலி அதைத் துரத்திக்கொண்டு, எப்போதும் சற்றே பின்தங்கி, 1,725 சுற்று ஓடுகிறது. எட்டிப் பிடித்துவிட்டால் சுழலியில் மின்னோட்டம் தூண்டப்படாது, இழுவிசையும் போய்விடும். பின்தங்குவதால்தான் ஓடவே முடிகிறது. இந்த வேகத்தில் தட்டின் விளிம்பு மணிக்கு 42 கி.மீ. வேகத்தில் செல்கிறது. டவுன் பஸ் வேகம்தான். ஆனால் பஸ் இவ்வளவு சின்ன வட்டத்தில் திரும்புவதில்லை. கணக்குப் போட்டால், விளிம்பில் ஒதுங்கிய ஒரு சோற்றுப் பருக்கை தன் எடையைப்போல் 200 மடங்குக்கும் அதிகமான விசையோடு சுவரில் அழுந்துகிறது. அரைபடுவது இந்த அழுத்தத்தாலும் மோதலாலும்தான். கூர்மைக்கு இங்கே வேலையில்லை.

இதை உருவாக்கியவர் பிளம்பரும் இல்லை, மின்பொறியாளரும் இல்லை. ஜான் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர், விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில், 1927இல் செய்து பார்த்தார். 1935இல் காப்புரிமை கிடைத்தது. 1938இல் இன்சிங்க்கரேட்டர் கம்பெனியைத் தொடங்கினார். 2022இல் வேர்ல்பூல் நிறுவனம் அதை 300 கோடி டாலருக்கு வாங்கியது. நடுவில் ஊருக்கு ஊர் இந்த இயந்திரம் பட்ட பாடு சுவாரஸ்யமானது. இந்தியானா மாநிலத்தின் ஜாஸ்பர் என்ற சிற்றூர் 1950இல் வீடுவீடாக டிஸ்போசல் மாட்டச்செய்து, உணவுக் கழிவை அள்ளுவதையே நிறுத்தியது. அள்ளிய கழிவைப் பன்றிகளுக்குத் தீனியாகப் போடுவது அந்தக் காலத்து வழக்கம். அதன் வழியாக ஹாக் காலரா பரவிப் பன்றிகள் செத்துக்கொண்டிருந்தன. நியூயார்க் நகரமோ, மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் பகுதிகளில் 1970களிலிருந்து இதற்குத் தடை போட்டிருந்தது. பெருமழையில் அந்தக் குழாய்கள் பொங்கி நேரே ஆற்றில் கலக்கும், அரைத்த கழிவும் கூடவே போகும் என்ற பயம். 1997இல்தான் தடை விலகியது.

ஹாம்ஸ் காலத்திலிருந்து அமைப்பின் அடிப்படை மாறவில்லை. தட்டு மேலே, மோட்டார் கீழே. இரண்டையும் சேர்க்கும் எஃகுத் தண்டு அரவை அறையின் அடித்தளத்தைத் துளைத்துக்கொண்டுதான் வந்தாகவேண்டும். துளை இருந்தால் தண்ணீர் இறங்கும். துளையை இறுக அடைத்தால் தண்டு சுழலாது. இரண்டுக்கும் நடுவில் சமரசமாக வந்தது ரப்பர் சீல். அதன் மெல்லிய உதடு சுழலும் தண்டின்மேல் லேசாக அழுந்தி உட்கார்ந்திருக்கும். அழுத்தம் குறைந்தால் கசியும். கூடினால் உராய்வில் சூடேறி ரப்பர் இறுகி வெடிக்கும். முற்றிலும் வறண்டு ஓடவும் கூடாது. உதட்டுக்கும் தண்டுக்கும் இடையில் மைக்ரான் கணக்கில் ஒரு திரவப் படலம் இருந்துகொண்டே இருக்கவேண்டும். கசியாமலிருக்க வேண்டுமானால் நனைந்தே இருக்கவேண்டும் என்கிற இந்தச் சங்கடம் சுழலும் சீல் எல்லாவற்றுக்கும் பொது. கார் இன்ஜினில் அந்தப் படலம் எண்ணெயாக இருப்பதால் சீலின் ஆயுள் கெட்டி. டிஸ்போசலில் சீலுக்கு மேலே இருப்பது முட்டை ஓட்டுத் தூளும் கீரை மண்ணும் கலந்த தண்ணீர். துகள் மெத்தென்ற ரப்பரில் பதிந்து அங்கேயே தங்கிவிடும். தண்டோ நிமிடத்துக்கு 1,725 தடவை அதை உரசிப் போகும். நாளடைவில் எஃகில் ஒரு வளையப் பள்ளம் விழும். ரப்பர் எஃகை அறுக்குமா என்று கேட்டால், மணலைக் கையில் கொடுத்தால் அறுக்கும்.

நம் வீட்டு மிக்ஸி ஜாரின் அடியிலும் இதே கதைதான். ஜாரைத் துளைத்து வரும் தண்டு, சுற்றிலும் புஷ், வாஷர். தேய்ந்துபோனால் சட்னி அரைக்கையில் அடியில் கறுப்பாகக் கசியும். கடைத்தெருவில் கொடுத்தால் ஜாருக்குப் புஷ் மாற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். டிஸ்போசலுக்கு அமெரிக்காவில் அப்படி ஆள் கிடைப்பது அரிது. சீலைத் தொடவேண்டுமானால் துருவேறி இறுகிய தட்டைத் தண்டிலிருந்து பிடுங்கவேண்டும். அந்தக் கட்டத்தில் மோட்டாரின் பேரிங்கிலும் சுருள்களிலும் ஏற்கெனவே தண்ணீர் இறங்கியிருக்கும். அரைநாள் கூலிக்குப் புது இயந்திரமே வந்துவிடும். பழுதுபார்த்துப் பிழைப்பது என்பது உழைப்பு மலிவாகவும் பொருள் விலையாகவும் இருக்கிற ஊரில் மட்டுமே சாத்தியம். அமெரிக்காவில் இரண்டும் தலைகீழ்.

ஆகவே முதல் வேலை கண்டுபிடிப்பது. இங்கேதான் தண்ணீர் ஏமாற்றும். கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் என்று எதைத் தொட்டாலும் அதோடு ஒட்டிக்கொண்டே வழிவது அதன் சுபாவம். மேலே சிங்க் விளிம்பில் கசிந்தாலும், பக்கத்தில் ரப்பர் ஹோஸில் கசிந்தாலும், உருளையின் சுவரோடு ஒட்டி இறங்கி, மிகத் தாழ்ந்த புள்ளியில் வந்துதான் சொட்டும். அந்தத் தாழ்ந்த புள்ளி அடிப்பக்கத்துச் சிவப்பு ரீசெட் பட்டனின் அக்கம்பக்கம். சொட்டைப் பார்த்துவிட்டு சீல் போயிற்று என்று நல்ல இயந்திரத்தைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு.

தேடத் தொடங்கும் முன் பிரேக்கர். சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் உள்ளே தலையை விடக்கூடாது. யாராவது சமையலறைக்கு வந்து பழக்கதோஷத்தில் விளக்கென்று நினைத்துத் தட்டிவிடலாம். பேனலில் அந்த பிரேக்கரை இறக்கி, பிளக் இருந்தால் பிடுங்கி, வயர் நேராகப் போயிருந்தால் டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே மற்றது.

இயந்திரத்தையும் குழாய்களையும் துணியால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். சிங்க்கின் வாயை அடைப்பானால் மூடி, கேசரிக்குப் போடும் கலர்ப்பொடி ஒரு சிட்டிகை கரைத்த தண்ணீரை நிரப்பவேண்டும். கீழே போய் வெள்ளை டிஷ்யூவால் மேலிருந்து ஒவ்வோர் இணைப்பாக ஒற்றி வரவேண்டும். சிங்க்கின் அடியும் உலோக வாயும் சேருமிடத்தில் டிஷ்யூ நிறம் மாறினால் குற்றவாளி அங்கேதான். ஏன் நிரப்பிச் சோதிக்கவேண்டும் என்றால், ஓடுகிற தண்ணீர் அந்த இணைப்பை அழுத்துவதே இல்லை, வழுக்கிப் போய்விடுகிறது. 20 செ.மீ. உயரத்துக்கு நின்றால் மட்டுமே காற்றழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு கூடுதல் அழுத்தம் அதன்மேல் விழும். பாத்திரத்தை ஊறப்போட்ட அன்றைக்கு மட்டும் ஒழுகுகிறது, மற்ற நாளில் இல்லை என்று வீட்டில் சொன்னால், டார்ச் இல்லாமலே தெரிந்துகொள்ளலாம்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் அடைப்பானைச் சட்டென்று இழுத்துவிடவேண்டும். தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கும்போது பக்கவாட்டு இணைப்புகள் தம் நிலவரத்தைச் சொல்லும். அவை இரண்டு. சுவரை நோக்கிப் போகும் வெளியேற்றுக் குழாய் ஒன்று, டிஷ்வாஷரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் மற்றொன்று. ஹோஸைச் சோதிக்க டிஷ்வாஷர் தண்ணீரை வெளியேற்றும் வரை காத்திருக்கவேண்டும். எல்லா இணைப்பும் காய்ந்தே இருந்து, அடிப்பக்கத்தில் மட்டும் நிறம் ஏறினால் சுழலும் சீல் போய்விட்டது என்று பொருள். சில சமயம் இணைப்பில்லாத வெறும் சுவரிலேயே பொட்டுப் போலக் கசியும். உணவிலுள்ள உப்பின் குளோரைடு அயனிகள் உலோகத்தின்மேலுள்ள பாதுகாப்புப் படலத்தை ஒரு புள்ளியில் உடைத்து, அந்த ஒரு புள்ளியிலேயே ஆழமாகக் குடைந்துகொண்டு போயிருக்கும். அதை எபாக்சி வைத்து அடைத்தால் கொஞ்சநாள் நிற்கும். அதற்குள் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். அதுவும் மாற்றவேண்டிய கேஸ்தான்.

பக்கவாட்டுக் கசிவு மிக எளிது. வெளியேற்றுக் குழாயின் வாயில் ஒரு ரப்பர் கேஸ்கட் இருக்கும். பல வருடம் அழுந்தியே கிடந்த ரப்பரில் மூலக்கூறுப் பிணைப்புகள் சில அறுந்து, அழுந்திய நிலையிலேயே மறுபடி கோர்த்துக்கொள்ளும். பிறகு விட்டாலும் உப்பி எழாது. ஸ்க்ரூவை இறுக்கிப் பார்க்கலாம். கேட்காவிட்டால் கேஸ்கட்டை மாற்றவேண்டும். ஹோஸ் ஒழுகினால் கிளாம்பை இறுக்குவது, நுனி வெடித்திருந்தால் அந்த அளவை வெட்டிவிட்டு மறுபடி மாட்டுவது. இதற்குப் பிளம்பரைக் கூப்பிடுகிறவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன், ஆனால் பில்லைப் பார்த்தால் வருத்தப்படுவார்கள்.

மேல் கசிவுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இயந்திரத்தின் முழு எடையும், அரைக்கும்போது எழும் அதிர்வும் சிங்க்கின் வாயைப் பிடித்திருக்கும் வளையத்தில்தான் போய் முடிகின்றன. சாதாரண அரைக் குதிரைத்திறன் மாடலே 7 கிலோ வரும். அதிர்ந்து அதிர்ந்து, வளையத்தைப் பிடித்திருக்கும் மூன்று ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கும். மூன்றையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினால் பாதி நேரம் ஒழுகல் நின்றுவிடும். நிற்காவிட்டால் பிளம்பர் புட்டியை மாற்றவேண்டும். அதற்கு இயந்திரத்தை இறக்கியாகவேண்டும்.

புட்டி ஒரு விநோதமான பொருள். களிமண், சுண்ணாம்புக்கல் தூள் போன்றவற்றை எண்ணெயில் பிசைந்தது. சும்மா விட்டால் வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கும். ஓரளவுக்கு மேல் அழுத்தினால் திரவம்போல் ஓடும். அழுத்தத்தை எடுத்தால் மறுபடி திடம். இத்தகைய பொருள்களுக்கு அறிவியலில் பிங்ஹாம் திரவம் என்று பெயர், பற்பசையும் இந்தக் கூட்டம்தான். ஸ்க்ரூவை இறுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இடுக்கிலெல்லாம் ஓடி நிரப்பும், தண்ணீரின் சின்ன அழுத்தத்துக்கு அசைந்துகொடுக்காது, உள்ளிருக்கும் எண்ணெய் தண்ணீரை ஒட்டவிடாது. வருடங்கள் போனால் எண்ணெய் வற்றிக் காய்ந்து, வெடித்துப் பொருக்காகிவிடும். ஒழுகல் தொடங்குவது அப்போது. கிரானைட் சிங்க் என்றால் புட்டி கூடாது. எண்ணெய் கல்லில் ஊறிக் கறை பிடிக்கும், போகவே போகாது. அங்கே சிலிக்கோன் போடவேண்டும், அது காய ஒருநாள் விடவேண்டும்.

இனி கழற்றுவதும் மாட்டுவதும். புட்டி மாற்றினாலும் இயந்திரத்தையே மாற்றினாலும் சடங்கு ஒன்றுதான். குழாய் வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும் என்பதால் அடியில் வாளி. வெளியேற்றுக் குழாயையும் ஹோஸையும் விடுவித்த பிறகு, உருளைக்குக் கீழே ஒரு முட்டுக் கொடுக்கவேண்டும். பெயிண்ட் டப்பா, அடுக்கிய புத்தகங்கள் எதுவானாலும் சரி. காரின் ஜாக்கியை வைக்கிறவர்கள் கெட்டிக்காரர்கள், மாட்டும்போது மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம். பிறகு பூட்டு வளையத்தைத் திருகினால் இயந்திரம் கழன்று முட்டின்மேல் உட்காரும். மல்லாந்து படுத்துக்கொண்டு 7 கிலோவைக் கையால் தாங்கிப் பிடிக்கிற வீரம் வேண்டாம்.

மேலே மிஞ்சியிருக்கும் பொருத்து வளையங்களை ஒரு வட்டக் கம்பி தாங்கியிருக்கும். அதை நெம்பி எடுப்பதுதான் மொத்த வேலையிலும் எரிச்சலான கட்டம். தட்டை ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் கொடுத்து ஒரு முனையைக் கிளப்பினால் மற்றது வந்துவிடும். சிங்க் வாயை மேலே தள்ளி எடுத்து, பழைய புட்டியைப் பிளாஸ்டிக் கத்தியால் துளி விடாமல் சுரண்டவேண்டும். புதுப் புட்டியைக் கையில் உருட்டி, சுண்டுவிரல் தடிமனில் கயிறாகத் திரித்து வாயின் விளிம்புக்கு அடியில் சுற்றி, சிங்க்கில் அழுத்தவேண்டும். கீழிருந்து கேஸ்கட், வளையங்கள், கடைசியில் அந்த வட்டக் கம்பி. மூன்று ஸ்க்ரூக்களையும் ஒன்றுக்கு ஒரு சுற்று, அடுத்ததுக்கு ஒரு சுற்று என்று சுற்றுமுறையில் இறுக்கவேண்டும். ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் வாய் ஒருபக்கம் சாயும், மறுபக்கம் புட்டி பிதுங்காமலே நிற்கும். சுற்றிலும் சமமாகப் பிதுங்கினால்தான் சரி. பிதுங்கியதை வழித்து எடுத்துவிடலாம்.

புது இயந்திரம் வாங்கும்போது திறன் கூடிய மாடல் மேல் கண் போகும். அதற்கு முன் ஒரு அளவு எடுக்கவேண்டும். திறன் கூடக்கூட உருளை பெரும்பாலும் நீளும், வெளியேற்று வாய் கீழே இறங்கும். சுவருக்குள் போகும் வடிகுழாயைவிட அது தாழ்ந்துவிட்டால் அரவை அறையிலேயே கழிவுத் தண்ணீர் தேங்கி நாறும். முக்கால் குதிரைத்திறன் வாங்கிவிட்டுச் சுவரை உடைத்துக் குழாயை இறக்குவதைவிட, பழைய அளவிலேயே வாங்குவது மேல். அதே கம்பெனியின் மாடல் என்றால் பல சமயம் மேல் பொருத்து வளையத்தை மாற்றாமலே புதிதை மாட்டிக்கொள்ளலாம், ஆனால் புட்டி பழையதாகவே இருக்கும். பத்து வருடப் புட்டியை நம்பிப் புதிதைத் தொங்கவிடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

வயர் விஷயத்தில் கறுப்போடு கறுப்பு, வெள்ளையோடு வெள்ளை, பச்சையோ வெறும் செம்போ எர்த் ஸ்க்ரூவில். பல மாடல்கள் பிளக் வயர் இல்லாமல்தான் பெட்டியில் வருகின்றன. பழையதின் வயர் நல்ல நிலையில் இருந்தால் அதையே கழற்றிப் போடலாம். வயர்களைச் சேர்த்துத் திருகிய தொப்பியை இழுத்துப் பார்த்து, வயர் கையோடு வரவில்லை என்று தெரிந்த பிறகே அடிமூடியை மூடவேண்டும். இந்தப் பத்தியைப் படிக்கும்போதே கை நடுங்குகிறவர்கள் இதற்கு மட்டும் எலெக்ட்ரீஷியனை வைத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல் இல்லை.

புதிதில் டிஷ்வாஷர் வாயை ஒரு பிளாஸ்டிக் அடைப்பு மூடியிருக்கும். டிஷ்வாஷர் உள்ளவர்கள் ஹோஸை மாட்டுவதற்கு முன், ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியால் தட்டி அதை உடைக்கவேண்டும், அறைக்குள் விழுந்த வில்லையைப் பொறுக்கி எடுக்கவும் வேண்டும். மறந்தால் டிஷ்வாஷர் தண்ணீர் போக வழியின்றி அதிலேயே நிற்கும். டிஷ்வாஷர் கெட்டுவிட்டதென்று இன்னொரு மெக்கானிக்குக்குப் போன் போகும்.

எதைப் போட்டால் இயந்திரம் சீக்கிரம் கெடும் என்பதில் நம் சமையலறைக்குத் தனி அத்தியாயமே தேவை. கோழியின் சின்ன எலும்பை இது அரைத்துவிடும், முருங்கைக்காய்ச் சக்கையிடம் தோற்றுப்போகும். காரணம் எளிது. எலும்பு கடினம், ஆனால் நொறுங்கும் ஜாதி. கட்டை வந்து மோதும் அந்தக் கணத்தில் விரிசல் ஓடி உடைந்துவிடும். நார் வளையும், உடையாது. மோதலின் ஆற்றலை வளைந்து வாங்கிக்கொண்டு நழுவும். வெட்டுகிற விளிம்பு இல்லாத இயந்திரத்தில் நாருக்கு எமன் கிடையாது. வாழைப்பூ நரம்பு, தேங்காய் நார், கறிவேப்பிலைக் காம்பு, சோளத் தோகை எல்லாம் கட்டைகளைச் சுற்றிக்கொள்ளும். சோறு வேறு விதமாகப் படுத்தும். கொஞ்சமாகப் போனால் பரவாயில்லை, குக்கரில் மிஞ்சியதை மொத்தமாகத் தள்ளினால் அரைபட்ட மாவுச்சத்து கூழாகிக் குழாய் வளைவில் பசையாகப் படியும்.

எண்ணெயை ஊற்றவே கூடாது. அரைகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது, வினை சாக்கடைக்குள் நடக்கும். கொழுப்பிலிருந்து பிரியும் அமிலங்கள் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பாக இறுகிக் குழாய்ச் சுவரில் கட்டும். 2017இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் அப்படிக் கட்டிய ஒரு பாளம் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் இருந்தது.

நார் சிக்கித் தட்டு நின்றால் மோட்டார் சுழலாமல் முனகும். 60 சுழற்சி மின்சாரத்தில் காந்தம் நொடிக்கு 120 முறை இழுத்து விடுவதுதான் அந்த முனகல். நின்றுபோன மோட்டார் ஓடும் மோட்டாரைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை உறிஞ்சும், சில நொடிகளில் சுருள் கொதிக்கும். வெப்பத்தைக் கண்டு மின்சாரத்தை அறுக்கிற காவலாளிதான் சிவப்பு பட்டன். உடனே அதை அமுக்கிப் பயனில்லை. பிரேக்கரை இறக்கிவிட்டு, அடிப்பக்கத்து அறுகோணத் துளையில் கால் அங்குல ஆலன் கீயைச் செருகி முன்னும் பின்னும் ஆட்டினால் தட்டு விடுபடும். மாட்டியதை இடுக்கியால் எடுக்கவேண்டும், பிரேக்கர் இறங்கியிருந்தாலும் கையை விடும் பழக்கம் வேண்டாம். சூடு ஆறிய பிறகு பட்டன். அடிக்கடி இப்படிச் சிக்கி உதறுகிற இயந்திரம்தான் மேல் ஸ்க்ரூக்களைச் சீக்கிரம் தளர்த்தும்.

எல்லாம் மாட்டியபின் மறுபடி கலர்த் தண்ணீர், மறுபடி டிஷ்யூ. நிரப்பிப் பார்த்து, திறந்துவிட்டுப் பார்த்து, ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். பிளாஸ்டிக் நட்டு கசிந்தால் கையால் இறுக்கியதற்கு மேல் கால் சுற்றுப் போதும். குறடு கொண்டு முறுக்கினால் நட்டு வெடிக்கும். அப்படியும் நிற்காவிட்டால் உள்ளே வாஷர் தலைகீழாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், சரிவான பக்கம் இணைப்புக்குள் இறங்கவேண்டும், தட்டைப் பக்கம் நட்டைப் பார்க்கவேண்டும். டிஷ்வாஷரை ஒருமுறை முழுதாக ஓடவிட்டு ஹோஸ் கிளாம்பைத் தொட்டுப் பார்ப்பதும் அவசியம். குளிர்ந்த ரப்பரில் இறுக்கிய கிளாம்பு, வெந்நீர் போய்வந்தபின் அரைத் திருகு இடம் கொடுக்கும்.

கழற்றிய பழையதை மறுசுழற்சித் தொட்டியில் போட்டால் வண்டிக்காரர் எடுக்கமாட்டார். உள்ளே எஃகும், மோட்டாரின் சுருள்களும் இருப்பதால் பழைய இரும்பு வாங்குகிற இடத்தில் எடை போட்டு எடுத்துக்கொள்வார்கள், டாலர் கணக்கில் பெரிதாக ஒன்றும் தேறாது. கொடுப்பதற்கு முன் தலைகீழாகக் கவிழ்த்து, தட்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கலாம், பிளக் பிடுங்கிய இயந்திரம்தானே. பட்டன் துளை வழியாகத் துருத் தண்ணீர் வடிந்து, தட்டு கரகரவென்று சுழன்றால் சீல் போய்த் தண்ணீர் பேரிங் வரை இறங்கியிருக்கிறது. காய்ந்து, வழுவழுவென்று சுழன்றால் சந்தேகப்படவேண்டும். ஒழுகியது மேலே புட்டியாக இருந்திருக்கலாம்.